சத்தம் ஓடுகிறது, படம் நிற்கிறது: வீடியோ திக்கினால் எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது?

வீடியோ திக்குகிறது என்று சொன்னவுடன் ஒருவர் "ரேம் கூட்டிப் போடு" என்பார். இன்னொருவர் "ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுவிடு, சரியாகிவிடும்" என்பார். நான் முதல் ஆளின் பேச்சைக் கேட்டவன். பழைய லேப்டாப் ஒன்றில் 4 ஜிபி ரேமை 8 ஜிபி ஆக்கினேன். போனில் எடுத்த 4கே வீடியோ அதே நொடியில் அதே மாதிரி திக்கியது. ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: அந்த லேப்டாப்பின் சிப்புக்கு அந்த வீடியோவின் கோடெக்கே, அதாவது அதைச் சுருக்கி எழுதிய முறையே தெரியாது. தெரியாத பாஷையில் எழுதிய கடிதத்தைப் பெரிய மேஜையில் விரித்து வைத்தால் மட்டும் படித்துவிட முடியுமா?

அதனால் காசை எடுக்கும் முன் அறிகுறியைப் பார்த்துவிடுவோம்.

முதல் சோதனைக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். வீடியோவை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். சத்தம் சீராக ஓடி, கண்ணைத் திறந்தால் படம் மட்டும் தாவித் தாவி வருகிறதா? டிகோடிங், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கும் வேலையில் கோளாறு. சத்தமும் படமும் சேர்ந்தே நின்று சேர்ந்தே கிளம்புகின்றனவா? டேட்டா வந்து சேரவில்லை. டிஸ்க்கையோ நெட்டையோ பாருங்கள். எதுவும் நிற்கவில்லை, ஆனால் கேமரா பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் அதிர்கிறதா? திரையின் வேகம் பொருந்தவில்லை. கால் மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் மக்கர் செய்கிறதா? சூடு.

இரண்டாவது சோதனைக்கு விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் போதும். வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) மீது சொடுக்குங்கள். அங்கே "வீடியோ டிகோடு" என்று ஒரு கட்டம் இருக்கும். சில கணினிகளில் "வீடியோ கோடெக்" என்று இருக்கும். அந்தக் கோடு மேலே ஏறியிருந்தால் சிப்பில் அதற்கென்றே இருக்கும் பகுதி வேலை செய்கிறது. கோடு தரையில் கிடக்க, கணினியின் பொதுச் செயலியான சிபியு மட்டும் 90, 100 சதவீதத்தில் மூச்சு வாங்கினால், ஆள் பிடிபட்டுவிட்டார்.

சத்தம் தொடர்கிறது, படம் திக்குகிறது

பெரும்பாலான புகார்கள் இந்த வகைதான். எனவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வீடியோ ஃபைலில் முழுப் படங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதில்லை. சில பிரேம்கள் மட்டுமே முழுசாக இருக்கும். மற்றவை "முந்தைய பிரேமில் இருந்த இந்தக் கட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்தது, இந்த இடம் மட்டும் மாறியது" என்கிற குறிப்புகள். அந்தக் குறிப்புகளைப் படித்து முழுப் படத்தை மறுபடி வரைவதுதான் டிகோடிங். சிபியுவும் அதைச் செய்யும், ஆனால் திணறும். அதனால் கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இந்த ஒரு வேலைக்கென்றே தனிச் சுற்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது மிகக் குறைந்த மின்சாரத்தில் வேலையை முடித்துவிடும். ஒரே சிக்கல், அது எந்தெந்த கோடெக்கைப் படிக்கும் என்பது சிப் தயாரான அன்றே முடிவாகிவிடுகிறது. அப்புறம் எந்த டிரைவர் அப்டேட் போட்டாலும் இல்லாத சுற்று முளைக்காது.

இப்போது உங்கள் ஃபைல் என்ன பாஷை பேசுகிறது என்று பாருங்கள். விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் இருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இன்னும் விரிவாகச் சொல்லும். என்னைத் திணறடித்த ஃபைலில் இருந்தது இதுதான்: எச்இவிசி, மெயின் 10, 3840×2160, 60 பிரேம். இந்த ஒரு வரியில் நான்கு தகவல்கள் இருக்கின்றன. கோடெக் எச்இவிசி, அதாவது எச்.265. "மெயின் 10" என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 8 பிட்டுக்குப் பதில் 10 பிட். பிக்சல்கள் முழு எச்டியைப் போல 4 மடங்கு. நொடிக்கு 60 பிரேம் என்பது சினிமாவைப் போல இரண்டரை மடங்கு வேலை.

கோடெக்குகளின் வயதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. எச்.264 வந்தது 2003-இல். அதைப் படிக்காத கணினி இன்று அபூர்வம். எச்இவிசியும் விபி9-உம் 2013-இல் வந்தன. ஏவி1 வந்தது 2018-இல். ஒரு கோடெக் வெளியான பிறகு அது சிப்புகளில் ஏற இரண்டு மூன்று வருடமாவது பிடிக்கிறது.

இன்டெல் வரிசையில் 6-ஆம் தலைமுறை 8 பிட் எச்இவிசியைச் சொந்தமாகப் படிக்கும். 10 பிட் எச்இவிசியும் விபி9-உம் ஒழுங்காக வேண்டுமென்றால் 7-ஆம் தலைமுறை. ஏவி1 வேண்டுமென்றால் 11-ஆம் தலைமுறை. என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசை 10 பிட் எச்இவிசியைப் படிக்கும், ஏவி1-க்கு ஆர்டிஎக்ஸ் 30 வரிசையாவது வேண்டும். ஏஎம்டியில் 2018-இல் வந்த ரைசன் 2200ஜி, 2400ஜி ஆகியவை எச்இவிசி 10 பிட், விபி9 இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஏவி1-க்கு ஆர்எக்ஸ் 6000 வரிசை அல்லது லேப்டாப்பில் ரைசன் 6000 வரிசை. ஆப்பிளில் எம்1, எம்2 எச்இவிசியை நன்றாகப் படிக்கும். ஏவி1 எம்3-இல்தான் வந்தது.

இதில் விலையை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவீர்கள். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 980 அன்றைய உச்ச ரகக் கார்டு. ஆனால் 10 பிட் எச்இவிசியை முழுசாகப் படிக்கும் சுற்று, சில மாதம் கழித்து வந்த அதன் தம்பி ஜிடிஎக்ஸ் 960-இல்தான் இருந்தது. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஏவி1-ஐப் படிக்காது, அதன் அண்ணன்மார் படிப்பார்கள். மறுபக்கம், 6 வாட்டில் ஓடும் இன்டெல் என்100 சின்னச் சிப் 4கே ஏவி1-ஐ அலட்டிக்கொள்ளாமல் ஓட்டிவிடும். கேம் ஆடும் பலமும் வீடியோ படிக்கும் திறமையும் வேறு வேறு சுற்றுகளில் இருக்கின்றன. எனவே கார்டின் பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம்; தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்தக் குறிப்பிட்ட மாடலின் டிகோட் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

இரண்டு விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். 10 பிட் எச்.264 ஃபைல்கள் சில சுற்றிக்கொண்டிருக்கின்றன, குறிப்பாக அனிமே ரசிகர்களிடம். கோடெக் பழையதுதான், ஆனால் மிகப் பெரும்பாலான கிராஃபிக்ஸ் சிப்புகள் அந்த வகையைத் தொடவே தொடாது. வேலை சிபியு தலையில்தான் விழும். நல்ல வேளையாக அவை பெரும்பாலும் முழு எச்டிதான், ஓரளவு திடமான சிபியு சமாளித்துவிடும். அடுத்தது, கேமராவில் எடுக்கும், வண்ணத் தகவலை வழக்கத்தை விட அதிகம் வைத்திருக்கும் 4:2:2 வகை எச்இவிசி. எடிட்டிங் செய்பவர்கள் இதில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள். இதை இன்டெல்லின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் படிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சிப் படிக்கும் என்று உறுதியாகிவிட்டது, ஆனாலும் டிகோட் கோடு தரையில் கிடக்கிறதா? பிளேயரின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் டிகோடிங் அணைந்திருக்கலாம். கிராஃபிக்ஸ் டிரைவர் போடாமல் விண்டோஸ் தன் பொது டிரைவரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கலாம். புதிதாக விண்டோஸ் போட்ட கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். டிவைஸ் மேனேஜரில் சிப்பின் பெயருக்குப் பதில் "பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் அதுதான்.

சத்தம் மட்டும் வருகிறது, படமே இல்லை

இது ஹார்டுவேர் கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. விண்டோஸின் சொந்த பிளேயர் எச்இவிசிக்குத் தனி எக்ஸ்டென்ஷன் கேட்கும். அதே ஃபைலை விஎல்சியிலோ எம்பிவி என்ற பிளேயரிலோ திறந்து பாருங்கள். ஓடினால் அத்தோடு விட்டுவிடலாம்.

ஃபைல் நன்றாக ஓடுகிறது, யூடியூப் மட்டும் திக்குகிறது

ஓடும் வீடியோ மீது வலது சொடுக்குப் போட்டு "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறங்கள். கோடெக்ஸ் என்ற வரியில் ஏவி01 என்றிருந்தால் ஏவி1, விபி09 என்றிருந்தால் விபி9, ஏவிசி1 என்றிருந்தால் எச்.264. அதே பெட்டியில் எத்தனை பிரேம் விடுபட்டது என்ற எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், நெட்டைத் திட்டிப் பயனில்லை, டிகோடிங்தான் தடுக்கிறது.

பிரவுசரின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இயங்குகிறதா பாருங்கள். எப்போதோ ஒரு கோளாறுக்காக அணைத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். இயங்கியும் திக்கினால், சிப்புக்குத் தெரியாத கோடெக்கை யூடியூப் அனுப்புகிறது என்று அர்த்தம். எச்.264-ஐ மட்டுமே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. பழைய லேப்டாப்புக்கு அது புது உயிர் கொடுக்கும். ஆனால் யூடியூபில் எச்.264 முழு எச்டியோடு முடிந்துவிடும். 1440பி, 4கே எல்லாம் விபி9 அல்லது ஏவி1 வழியாகத்தான். லேப்டாப்பின் திரையே முழு எச்டி என்றால் அதில் பெரிய நஷ்டம் இல்லை.

சத்தமும் படமும் சேர்ந்தே நிற்கின்றன

இங்கே கொஞ்சம் வகுத்தல் கணக்கு. முழு எச்டி புளூ-ரேவில் வீடியோவின் உச்சம் நொடிக்கு 40 மெகாபிட். 4கே புளூ-ரேவில் மொத்தமாக 128 மெகாபிட் வரை போகலாம். 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 16 மெகாபைட். சாதாரணச் சுழலும் ஹார்டு டிஸ்க்கே இதைப் போலப் பல மடங்கு வேகத்தில் படிக்கும். யூஎஸ்பி 2.0-கூட நடைமுறையில் 30 மெகாபைட் தரும். ஆகவே வீடியோ பார்ப்பதற்காக மட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குகிறேன் என்பவரை நான் தடுத்துவிடுவேன். மற்ற வேலைக்கு வாங்குங்கள், இதற்கு வேண்டாம்.

மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். 100 மெகாபிட் லேன் போர்ட் உள்ள டிவியோ பழைய ரூட்டரோ நடுவில் இருந்தால், 4கே டிஸ்க்கிலிருந்து எடுத்த ஃபைல் உச்சத்தைத் தொடும் காட்சிகளில் கண்டிப்பாக நிற்கும். பேசும் காட்சிகள் நன்றாக ஓடி, மழையும் புகையும் கூட்டமும் வரும்போது மட்டும் நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். கேபிளில் ஒரு இழை அறுந்தாலும் கிகாபிட் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட்வொர்க் அடாப்டரின் நிலையில் வேகம் எவ்வளவு என்று ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுங்கள். வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5-க்கு மாறுங்கள்.

சந்தேகம் தீர எளிய வழி: அந்த ஃபைலைக் கணினியின் சொந்த டிஸ்க்குக்கு நகலெடுத்து அதே இடத்தை ஓட்டுங்கள். சரியாக ஓடினால் குற்றவாளி வழியில் இருக்கிறார். நகலெடுக்கும்போதே அந்த இடத்தில் நின்று முனகினால் டிஸ்க் சாகக் கிடக்கிறது. வீடியோவை மறந்துவிட்டு முதலில் மற்ற ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்.

எதுவும் நிற்கவில்லை, ஆனால் கேமரா நகரும்போது அதிர்கிறது

இதற்காகப் பாவம் எத்தனையோ நல்ல கார்டுகளைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கின்றன. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை வரும்; பாதிப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. எனவே ஒரு பிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 42 மில்லிநொடி நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று 33, அடுத்தது 50 என்று நொண்டி நொண்டி நடக்கிறது. ஆட்கள் பேசும் காட்சியில் இது கண்ணுக்குப் படாது. கட்டிட வரிசை மீது கேமரா மெதுவாக நகரட்டும், அல்லது கடைசியில் பெயர்கள் மேலே ஏறட்டும், உடனே தெரியும்.

மருந்து: திரையின் ரெஃப்ரெஷ் ரேட்டை 24-இன் மடங்குக்கு மாற்றுவது. டிவிகள் பெரும்பாலும் 24 ஹெர்ட்ஸை நேரடியாக ஏற்கும். மானிட்டர் என்றால் 120 அல்லது 144 ஹெர்ட்ஸ். முன்னது ஒரு பிரேமுக்கு சரியாக ஐந்து, பின்னது ஆறு. படம் பார்க்கவும் மானிட்டர் வாங்குபவருக்கு 120-ஐ ஏற்கும் திரையைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதில் 24, 30, 60 மூன்றும் மிச்சமின்றி வகுபடும். டிவி ஒளிபரப்பில் வரும் 25 பிரேம் ஃபைலுக்கு 50 ஹெர்ட்ஸ் வையுங்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். பல ஃபைல்களில் இருப்பது 24 கூட இல்லை, 23.976. திரையைச் சரியாக 24-இல் வைத்தால் சுமார் 42 நொடிக்கு ஒரு முறை ஒரு பிரேம் இரட்டிப்பாகும். பட்டியலில் 23 அல்லது 23.976 என்று தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

மவுஸ் அம்பே இழுத்துக்கொண்டு போகிறதென்றால் கதை வேறு. 4கே டிவி 30 ஹெர்ட்ஸில் மாட்டியிருக்கும். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இரு முனையிலும் வேண்டும். பழைய லேப்டாப்பில் 2.0 இருக்காது. டிவியிலும் சில மாடல்களில் ஒரு குறிப்பிட்ட போர்ட் மட்டுமே முழு வேகத்தை ஏற்கும், அதையும் செட்டிங்ஸில் தனியாக இயக்க வேண்டும். நடுவில் பொட்டுப் பொட்டாக மின்மினி மாதிரி மினுக்கினாலோ திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்பினாலோ கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கால் மணி நேரம் கழித்து மக்கர் செய்கிறது

தூசியைத் துடையுங்கள், விசிறி சுற்றுகிறதா பாருங்கள், மெத்தை மேல் லேப்டாப்பை வைக்காதீர்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஹார்டுவேர் டிகோடிங் ஒழுங்காக நடந்தால் வீடியோ பார்ப்பதற்குச் சிப் சூடாகவே தேவையில்லை. சூடேறுகிறது என்றாலே சிபியு தனியாகச் சுமக்கிறது என்பதற்கு அறிகுறி. முதல் கால் மணி நேரம் டர்போ வேகத்தில் எப்படியோ சமாளித்துவிட்டு, சூட்டுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்கும்போது குட்டு வெளிப்படுகிறது. எனவே சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் வாங்கும் முன் அந்த டிகோட் கோட்டை மறுபடி போய்ப் பாருங்கள்.

வண்ணம் வெளுத்துக் கிடக்கிறது

எச்டிஆர் (வெளிச்சமும் வண்ணமும் அதிக வீச்சில் பதிந்த) ஃபைலைச் சாதாரண மானிட்டரில் ஓட்டினால், வண்ணங்களை அந்தத் திரைக்குத் தக்கபடி சுருக்கித் தரவேண்டும். இதை டோன் மேப்பிங் என்பார்கள். செய்யாத பிளேயரில் எல்லாம் சாம்பல் பூசினாற்போல இருக்கும். எம்பிவி இதை நன்றாகச் செய்யும். இந்த வேலை மட்டும் டிகோட் சுற்றைச் சேராது, கிராஃபிக்ஸ் சிப்பின் பொதுப் பகுதிதான் செய்கிறது. எனவே டிகோடிங் சரியாக இருந்தும் எச்டிஆர் ஃபைலில் மட்டும் திக்கினால் இங்கே பாருங்கள்.

எல்லா வீடியோவிலும் கறுப்பு வெளுத்திருந்தால், டிரைவர் செட்டிங்ஸில் ஆர்ஜிபி ரேஞ்ச் "லிமிட்டெட்" என்று இருக்கிறதா பாருங்கள். மானிட்டருக்கு அது "ஃபுல்" ஆக இருக்க வேண்டும்.

ரேம் பற்றி, நியாயத்துக்காக

தொடக்கத்தில் ரேமைக் கிண்டல் செய்தேன். ஒரு இடத்தில் அது நிஜமாகவே உதவும். 10 பிட் 4கே பிரேம் ஒன்று விரிந்தால் சுமார் 25 மெகாபைட். நொடிக்கு 60 என்றால் ஒன்றரை ஜிகாபைட். எழுதுவது ஒரு முறை. அடுத்த பிரேமை வரைய அதைப் படிப்பது, அளவு மாற்றுவது, திரைக்கு அனுப்புவது என்று பல முறை அதே ரேமைத் தொட வேண்டும். தனிக் கார்டு இல்லாத கணினியில் இந்தப் போக்குவரத்து முழுவதும் சிபியுவின் ரேம் வழியேதான். ஒரே ஒரு ரேம் குச்சி மட்டும் இருந்தால் பாதைக்கு ஒரு வழிதான்; அதே அளவில் இரண்டாவதைச் செருகினால் அகலம் இரட்டிப்பாகும். 8 ஜிபி குச்சி ஒன்றை விட 4 ஜிபி குச்சி இரண்டு இங்கே மேல்.

கார்டு போட்டும் மாற்றமே இல்லை

கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மதர்போர்டின் போர்ட்டிலேயே விட்டுவிட்டு, புதுக் கார்டு சும்மா சூடாகிக்கொண்டிருக்க, பழைய சிப்பில் இரண்டு நாள் படம் பார்த்தவன் நான். கேபிளைக் கழற்றிக் கார்டின் பின்பக்கம் மாட்டினேன், முடிந்தது.

சந்தா தளம் 4கே தர மறுக்கிறது

படம் திக்கவில்லை, ஆனால் தெளிவு ஏறவே மாட்டேன் என்கிறதென்றால் அது பாதுகாப்புச் சங்கிலி. 4கே-க்குப் பொதுவாக எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையைக் கேட்பார்கள், கார்டு, மானிட்டர், நடுவில் உள்ள அடாப்டர் என எல்லாமே அதை ஏற்க வேண்டும். இரண்டாவது பழைய மானிட்டரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிரவுசரை மாற்றிப் பாருங்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால்

புதுக் கணினிக்கு ஏவி1 டிகோடிங்கைக் கட்டாய நிபந்தனையாக வையுங்கள். இன்டெல் டெஸ்க்டாப் சிப்பில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸே இல்லை; ஐ5-12400 தானே படம் காட்டும், ஐ5-12400எஃப் கார்டு இல்லாமல் காட்டாது. ரைசன் 5 5600-உம் அப்படியே. 5600ஜி-யில் கிராஃபிக்ஸ் உண்டு, ஆனால் அதில் ஏவி1 கிடையாது. பழைய டெஸ்க்டாப்பைக் காப்பாற்றுவதாக இருந்தால், எச்இவிசி வரை போதும் என்பவருக்கு ஜிடி 1030 மாதிரி விசிறியில்லா மாடல் கிடைக்கும் சின்னக் கார்டே ஏராளம். ஏவி1-உம் வேண்டுமென்றால் இன்டெல் ஆர்க் ஏ380.

வாங்கப் போகும்போது ஒரு பென் டிரைவில் உங்கள் ஃபைல்கள் மூன்றை எடுத்துப் போங்கள்: உங்கள் போனில் எடுத்த 4கே வீடியோ ஒன்று, மழையோ கூட்டமோ உள்ள காட்சி ஒன்று, கேமரா மெதுவாக நகரும் 24 பிரேம் காட்சி ஒன்று. காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் அவற்றை ஓட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த டிகோட் கோடு ஏறுகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார். மூன்றாவது ஃபைல் முடியும்வரை நகர வேண்டாம்.